வீட்டோடு சேர்ந்து ஆட்டம்: தாயம் முதல் கேரம் வரை அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் 5 மணிக்கு எங்கள் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துவிடுவோம். அத்தை (மாமியாரைத்தான் சொல்கிறேன்), கணவர், 11 வயது மகள், 6 வயது மகன், நான். சில வாரம் என் அப்பாவும் பஸ் பிடித்து வந்துவிடுவார். பித்தளைத் தாயக்கட்டை தரையில் உருளும் சத்தமும் அதற்குப் பின்னால் வரும் கூச்சலும் மாடி வீடு வரை கேட்குமாம். அவர்களும் சொந்தக்காரர்களும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான் என்பதால் எழுதியே வைத்துவிட்டேன்.

முதலில் எந்த ஆட்டத்தை வாங்குவது?

எதையும் வாங்காதீர்கள். வீட்டில் இருக்கும் பெரியவர் சின்ன வயதில் எதை ஆடினார் என்று கேளுங்கள். அதில் ஆரம்பியுங்கள்.

நாங்கள் கடைக்குப் போய் ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து ஒரு வெளிநாட்டு ஆட்டத்தைத்தான் முதலில் வாங்கிவந்தோம். நானும் கணவரும் அதன் விதிப் புத்தகத்தைப் படித்து முடிப்பதற்குள் மகன் தூங்கிப் போனான். அத்தை எழுந்து சீரியல் பார்க்கப் போய்விட்டார். அடுத்த வாரம் அத்தையே சாக்பீஸ் எடுத்து, தரையில் தாயக்கட்டம் கீறினார். போனில் எதை அழுத்துவது என்று பேரனிடம் கேட்டுக் கேட்டு அலுத்துப் போயிருந்த மனுஷிக்கு அன்று பேரனே வந்து, "அப்பத்தா, இப்ப எந்தக் காயை நகத்தணும்?" என்று கேட்க வேண்டியிருந்தது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அதற்கப்புறம் ஞாயிறு சாயங்காலம் சீரியலைப் பற்றிப் பேச்சே இல்லை.

தாயம் எப்படி ஆடுவது? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

5க்கு 5 என்று 25 கட்டம் கீறுங்கள். நான்கு பக்கமும் நடுக்கட்டத்தில் ஒரு பெருக்கல் குறி போடுங்கள். அதற்கு மலை என்று பெயர். மலையில் நிற்கும் காயை யாரும் வெட்ட முடியாது. கட்டத்தின் நட்டநடுவில் இருப்பது பழம். நான்கு பேர் நான்கு பக்கமும் உட்கார வேண்டும், ஆளுக்கு நான்கு காய். உடைந்த வளையல் துண்டு, புளியங்கொட்டை, சட்டைப் பொத்தான் என்று எதுவானாலும் சரி, நிறம் மட்டும் வேறுபட்டால் போதும்.

கட்டையை உருட்டி தாயம், அதாவது ஒன்று, விழுந்தால்தான் காய் உங்கள் மலையில் இறங்கும். அங்கிருந்து உங்கள் வலது கைப்பக்கமாக வெளிச்சுற்று முழுவதும் வர வேண்டும். வழியில் எதிராளி காய் நிற்கும் கட்டத்தில் உங்கள் காய் போய் விழுந்தால் அது வெட்டு. அந்தக் காய் மறுபடி தாயத்துக்காகக் காத்திருக்க வேண்டியதுதான். ஒரு வெட்டாவது வெட்டியவருக்கே உள்சுற்றில் நுழைய அனுமதி. உள்ளே திசை திரும்பி நடந்து, சரியான எண் விழுந்து நடுவுக்குப் போனால் காய் பழமாகிவிட்டது. நான்கும் பழுத்தால் ஜெயித்தீர்கள். 1, 5, 6, 12 விழுந்தால் இன்னொரு முறை உருட்டலாம். இரண்டு கட்டையும் வெறுமையாக விழுவதுதான் 12.

ஆட்கள் பழகியபின் 7க்கு 7 கட்டத்துக்குப் போகலாம். அதற்கு ஒரு மழைநாள் மதியம் முழுவதும் வேண்டும்.

என் பையனுக்குத் தாயமே விழுவதில்லை. அழுதுகொண்டே எழுந்து போகிறான்.

அவன் மேல் தப்பில்லை, கணக்கே அப்படித்தான். ஒரு கட்டைக்கு நான்கு முகம்: வெறுமை, 1, 2, 3. இரண்டு கட்டையையும் சேர்த்து உருட்டினால் 16 விதமாக விழலாம். அதில் ஒரு கட்டையில் 1, மற்றதில் வெறுமை என்று வருவது இரண்டே விதம். ஆக எட்டில் ஒரு வாய்ப்பு. எட்டு முறை உருட்டியும் ஒரு தாயம்கூட விழாமல் போவது மூன்று ஆட்டத்தில் ஒன்றிலாவது நடக்கும். பெரியவர்கள் அதைப் பொறுத்துக்கொள்வார்கள், 6 வயதுப் பிள்ளைக்கு அது ஒரு யுகம்.

இரண்டு வழி உண்டு. ஒன்று, சின்னவனுக்கு ஒரு காயை முதலிலேயே இறக்கி வைத்துவிடுங்கள். இன்னொன்று, கட்டைக்குப் பதில் நான்கு புளியங்கொட்டை. ஒவ்வொன்றையும் ஒரு பக்கம் மட்டும் தரையில் உரசி வெள்ளையாக்குங்கள். நான்கைக் குலுக்கிப் போட்டு, ஒன்று மட்டும் வெள்ளையாக விழுந்தால் தாயம், நான்கும் கறுப்பானால் 8. கொட்டை இரண்டு பக்கமும் சமமாக விழுகிறது என்று வைத்துக்கொண்டால் நான்கில் ஒரு வாய்ப்பு. தாயக்கட்டையைவிட இரண்டு மடங்கு. அந்தக் காலத்தில் பிள்ளைகள் கையில் கொட்டையைக் கொடுத்துவிட்டுப் பெரியவர்கள் பித்தளைக் கட்டையை வைத்துக்கொண்டதில் விஷயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

இதே கணக்கில் இன்னொரு தந்திரமும் கிடைக்கும். கட்டையில் அதிகம் விழும் எண் 3. பதினாறில் நான்கு முறை. ஆகவே எதிராளி காய்க்குச் சரியாக மூன்று கட்டம் முன்னால் போய் நிற்காதீர்கள். இதை மகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அடுத்த வாரமே என் காயை வெட்டினாள்.

வீட்டுக்கு வீடு விதி மாறுகிறதே, எதுதான் சரி?

உருட்டுவதற்கு முன் ஒத்துக்கொண்ட விதி சரி. அவ்வளவுதான். என் அம்மா வீட்டில் முதல் வெட்டுக்கு முன் மலை கிடையாது, இங்கே உண்டு. முதல் மாதம் முழுக்க அதில்தான் எனக்கும் அத்தைக்கும் வழக்கு. கடைசியில் மகள் ஒரு தாளில் எங்கள் வீட்டு விதிகளை எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். கட்டை சுவரில் சாய்ந்து நின்றால் மறுபடி உருட்டு. காயைத் தொட்டால் அதையே நகர்த்து. சாப்பிடும் கையோடு கட்டையைத் தொடாதே (இது முறுக்குக்காக). புதிதாகத் தகராறு வந்தால் அன்றைக்குக் கட்டை உருட்டி முடிவு, அப்புறம் விதி தாளில் ஏறும். இப்போது 14 விதி இருக்கிறது.

சின்னப் பிள்ளைகளை வேண்டுமென்றே ஜெயிக்க விடலாமா?

விடாதீர்கள். கண்டுபிடித்துவிடுவார்கள். என் மகன் 4 வயதிலேயே, "அப்பா, நீ சும்மா தோக்குற" என்றான். அதைவிட மோசம் ஒப்புக்குச் சப்பாணியாக உட்கார வைப்பது. எல்லோரும் நிஜமாக ஆடும்போது தன் ஆட்டம் மட்டும் கணக்கில் இல்லை என்பது எந்தப் பிள்ளைக்கும் புரியும்.

ஆட்டத்தை நிஜமாக ஆடுங்கள், தொடங்கும் இடத்தை மட்டும் மாற்றுங்கள். தாயத்தில் ஒரு காய் முன்கூட்டியே இறங்கட்டும். சதுரங்கத்தில் பெரியவர் தன் ராணியை எடுத்து வைத்துவிட்டு ஆடட்டும். கேரத்தில் சின்னவனுக்கு முதல் ஐந்து நிமிடம் தப்பினால் இன்னொரு அடி. ஜெயிக்க ஜெயிக்க சலுகையைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். என் அப்பா ராணி இல்லாமல் மகளோடு ஆட ஆரம்பித்து, பிறகு யானை மட்டும் இல்லாமல், பிறகு குதிரை மட்டும் இல்லாமல் என்று வந்தார். குதிரையையும் அவள் திருப்பிக் கொடுத்த அன்று அவருக்கு வந்த சந்தோஷத்தை நான் என் கல்யாணத்தில்கூடப் பார்க்கவில்லை.

தோற்றதும் கட்டத்தைக் கலைத்துவிட்டுப் போகும் பிள்ளையை என்ன செய்வது?

அந்த நேரத்தில் ஒன்றும் செய்யாதீர்கள். உபதேசம் அறவே வேண்டாம். தண்ணீர் குடித்துவிட்டுத் தானே வருவான். பிள்ளைகளுக்குள் "காய்" விட்டுவிட்டு அரை மணி நேரத்தில் "பழம்" விடும் ஏற்பாடு ஒன்று நம் ஊரில் முன்பே இருக்கிறது. அதை அவர்களிடமே விட்டுவிடுங்கள்.

பெரியவர்கள் கலைத்துவிட்டுப் போனால்தான் கஷ்டம்.

பல்லாங்குழி வாங்கி ஷோகேஸில் வைத்திருக்கிறோம். யாருக்கும் ஆடத் தெரியாது.

நிறைய வீட்டில் இதே கதை. வளைகாப்புக்கோ கல்யாணச் சீருக்கோ வந்த பலகை அப்படியே நின்றுவிடும். கீழே இறக்குங்கள். வரிசைக்கு 7 ஆக 14 குழி. குழிக்கு 5 சோழியோ புளியங்கொட்டையோ போட்டால் மொத்தம் 70. உங்கள் பக்கத்தில் ஏதாவது ஒரு குழியை அள்ளி, வலப்பக்கமாகக் குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போங்கள். கை காலியானதும் அடுத்த குழியை அள்ளித் தொடருங்கள். அந்த அடுத்த குழி வெறுமையாக இருந்தால், அதைக் கையால் வழித்துவிட்டு, அதற்கும் அடுத்த குழியில் இருப்பது உங்களுக்கு. அத்தோடு முறை எதிராளிக்குப் போகும். இரண்டு குழி தொடர்ந்து வெறுமை என்றால் ஒன்றும் கிடைக்காது. நடுவில் எந்தக் குழியிலாவது சரியாக 4 சேர்ந்தால் அது பசு. அந்தப் பக்கத்துக்காரர் உடனே எடுத்துக்கொள்ளலாம், கவனிக்காமல் விட்டால் போச்சு.

அடுத்த சுற்றில் கையில் இருப்பதைக் கொண்டு குழிக்கு 5 ஆக நிரப்ப வேண்டும். நிரப்ப முடியாத குழியை மூடிவிடுவார்கள், அதில் ஒரு குச்சியைப் போட்டு வைப்பது வழக்கம். ஏழு குழியில் இரண்டை வைத்துக்கொண்டு திரும்ப எழுந்து வந்து ஜெயித்த அத்தையை நான் பார்த்திருக்கிறேன். பசு ஆட்டம், காசிப் பாண்டி என்று வகைகள் பல உண்டு. சீதைப் பாண்டி ஒரே ஆள் ஆடுவது, அசோகவனத்தில் சீதை தனியே ஆடியதாகச் சொல்வார்கள்.

குழியில் எத்தனை இருக்கிறது என்று விரலால் எண்ணக்கூடாது, கண்ணால்தான் என்று ஒரு விதி வையுங்கள். ஒரு மாதத்தில் பிள்ளைகள் 7 கொட்டையையும் 8 கொட்டையையும் பார்த்த மாத்திரத்தில் பிரித்துச் சொல்வார்கள்.

ஒரு எச்சரிக்கை. பழைய வீட்டுப் பலகைகளில் சில சமயம் குன்றிமணி இருக்கும், சிவப்பில் கறுப்புப் பொட்டு வைத்தது. கடித்து மென்றுவிட்டால் கொடிய விஷம். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் அதை எடுத்துவிட்டு மஞ்சாடியோ சோழியோ போடுங்கள். மூன்று வயதுக்குக் கீழ் இருந்தால் எந்த மணியும் கைக்கெட்டும் இடத்தில் வேண்டாம், தொண்டையில் சிக்கும்.

பல்லாங்குழி பெண்கள் ஆட்டமாயிற்றே?

என் கணவரும் அப்படித்தான் சொன்னார். மூன்று ஞாயிறு தொடர்ந்து தோற்றபின் சொல்வதில்லை.

இரண்டு பேர் ஆடும் ஆட்டத்தில் மற்றவர்கள் என்ன செய்வது?

ஆடு புலி ஆட்டத்தை எடுங்கள். 3 புலி, 15 ஆடு. பழைய கோயில் மண்டபத் தரைகளில் இந்தக் கட்டம் செதுக்கியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆடுகளை ஒவ்வொன்றாக இறக்க வேண்டும், பதினைந்தும் இறங்கும்வரை எந்த ஆடும் நகராது. புலியோ முதலிலிருந்தே நடக்கும். நேர்கோட்டில் பின்னால் காலியிடம் இருந்தால் ஆட்டைத் தாண்டி அடிக்கும். புலி அசைய முடியாமல் அடைபட்டால் ஆட்டுக்காரர் ஜெயிப்பு.

ஆட்டுக்காரர் ஒருவராக இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? எங்கள் வீட்டில் மகள் புலி, மற்ற நான்கு பேரும் ஆடு. கூடிப் பேசித்தான் ஒவ்வொரு ஆட்டையும் இறக்குவோம். முதலில் ஓரங்களைப் பிடிக்க வேண்டும், ஓரத்தில் நிற்கும் ஆட்டுக்குப் பின்னால் புலி குதிக்க இடமிருக்காது. இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஆறு வாரம் ஆனது. அதுவரை மகள் எங்களை மேய்ந்துகொண்டிருந்தாள்.

கேரம் வாங்கலாமா? எந்த அளவு?

இடம் இருந்தால் பெரிய பலகையாகவே வாங்குங்கள். போட்டிகளில் ஆடும் பரப்பு 74 சென்டிமீட்டர் சதுரம். பொம்மைக் கடையில் கிடைக்கும் குட்டிப் பலகையில் ஸ்ட்ரைக்கர் சுவரில் மோதித் திரும்புவதே சரியாக வராது, பிள்ளைகள் ஒரு வாரத்தில் ஓரங்கட்டிவிடுவார்கள். ஆடாத நாட்களில் படுக்க வைக்காமல், ஈரம் படாத சுவரோரம் நிமிர்த்தி வையுங்கள்.

வழுக்குவதற்குத் தூவும் போரிக் பவுடர் வாயில் போனால் நல்லதல்ல. ஆட்டம் முடிந்ததும் கை கழுவாமல் யாருக்கும் பஜ்ஜி கிடையாது என்பது எங்கள் வீட்டுப் பதினோராவது விதி. கருப்புக்கு 5, வெள்ளைக்கு 10, சிவப்புக்கு 25 என்று பாயிண்ட் கணக்கில் ஆடினால் சின்னவர்களுக்கும் கூட்டல் பழகும். சிவப்பைப் போட்டால் ஃபாலோ, அதாவது அடுத்த அடியிலேயே தன் காய் ஒன்றையும், போட வேண்டும் என்பதை மட்டும் யாருக்காகவும் தளர்த்தாதீர்கள், ஆட்டத்தின் உயிரே அங்கேதான்.

சென்னைக்குக் கேரம் மேல் தனிப் பாசம் உண்டு. சர்வதேச கேரம் சம்மேளனம் 1988இல் தொடங்கியதே அங்குதான். இரண்டு முறை உலக சாம்பியனான மரிய இருதயமும், வியாசர்பாடியிலிருந்து 2008இல் உலகப் பட்டம் வென்ற இளவழகியும், 2024இல் அமெரிக்காவில் மூன்று தங்கம் வாங்கிய காசிமாவும் சென்னைக்காரர்கள். ஆட்டோ ஓட்டுநரின் மகளான காசிமா பற்றிச் செய்தி வந்த வாரம் என் மகளிடமிருந்து ஸ்ட்ரைக்கரை வாங்கவே முடியவில்லை.

பிசினஸ், மோனோபோலி எல்லாம் எப்படி?

எனக்குப் பிடிக்காது, ஆகவே நான் சொல்வதைக் கொஞ்சம் கழித்தே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் திவாலாகி மூலையில் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் இன்னும் ஒரு மணி நேரம் ஆடுவது வீட்டுக்கு ஒத்துவராது. வேடிக்கை என்னவென்றால், இதற்கு மூலமான ஆட்டத்தை உருவாக்கி 1904இல் காப்புரிமை வாங்கிய லிஸி மேகி என்ற அமெரிக்கப் பெண், நிலம் ஒருவர் கையில் குவிந்தால் மற்றவர்கள் என்ன கதியாவார்கள் என்று காட்டத்தான் அதைச் செய்தார். எங்கள் மகன் ஒரே சாயங்காலத்தில் மும்பையையும் டெல்லியையும் வாங்கி அந்தப் பாடத்தை எங்களுக்கு நன்றாகவே நடத்தினான்.

ஆடியே தீர வேண்டும் என்றால் இரண்டு யோசனை. மோனோபோலியில் ஒருவர் வாங்காமல் விட்ட இடத்தை உடனே ஏலம் விட வேண்டும் என்பது அச்சிட்ட விதி. பாதிப் பேர் அதைப் படிப்பதே இல்லை. ஏலம் விட்டால் ஆட்டம் வேகமாக நகரும். அப்புறம், கடிகாரத்தில் 90 நிமிடம் வைத்து, மணி அடித்ததும் பணத்தையும் சொத்தையும் கூட்டிப் பார்த்து முடித்துவிடுங்கள்.

பரமபதம் வெறும் அதிர்ஷ்டம்தானே?

ஆமாம். அதனால்தான் நான்கு வயதுப் பிள்ளையும் எழுபது வயதுப் பாட்டியும் அதில் சரிசமம். யாரும் எதையும் முடிவு செய்ய வேண்டியதில்லை, ஏணியும் பாம்பும் பார்த்துக்கொள்ளும். வைகுண்ட ஏகாதசி இரவு கண்விழிக்க இதை ஆடுவது பல வீடுகளில் பழக்கம். நடுராத்திரி இரண்டு மணிக்கு மூளையைக் கேட்காத ஆட்டம்தானே வேண்டும்? மற்ற நாளில் பிள்ளைக்கு 7 வயது தாண்டியபின் சலித்துவிடும்.

மொபைலில் லூடோ ஆடினால் போதாதா?

சிங்கப்பூரில் இருக்கும் என் நாத்தனாரோடு நாங்களும் அப்படி ஆடுகிறோம், ஆளில்லாததற்கு அது பரவாயில்லை. ஆனால் போன் கட்டையை உருட்டும், எண்ணும், நகர்த்தும், தகராறையும் தீர்த்துவிடும். கூடத்தில் உட்கார்ந்து ஆடும்போது இதையெல்லாம் செய்வது நாம்தான், சிரிப்பும் சண்டையும் அங்கிருந்துதான் வருகின்றன. லூடோவே நம் பச்சீசியை எடுத்துக்கொண்டுபோய் 1896இல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கிய ஆட்டம்தான்.

சதுரங்கம் குடும்ப ஆட்டமா?

ஒரு வீட்டில் யார் யாருக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. விஸ்வநாதன் ஆனந்துக்குக் கற்றுக்கொடுத்தது அவர் அம்மா. வைஷாலியை டிவி பார்ப்பதிலிருந்து திருப்பப் பெற்றோர் சதுரங்கத்தில் சேர்த்தார்கள், அக்காவைப் பார்த்துத் தம்பி பிரக்ஞானந்தாவும் பலகைக்கு வந்தார். இப்போது இருவரும் கிராண்ட்மாஸ்டர்கள். உங்கள் வீட்டிலும் அப்படி ஆகும் என்று நினைத்துப் பிள்ளைகளைப் படுத்தாதீர்கள்.

தாயம் ஆடினால் வீட்டில் சண்டை வரும் என்கிறார்களே?

சகுனி செய்து வைத்த வேலை, கட்டைக்கு இன்னும் கெட்ட பெயர். ஆனால் அங்கே பணயமாக வைத்தது நாட்டை. காசோ பொருளோ வைக்காமல் ஆடுங்கள், பத்து ரூபாய்கூட வேண்டாம். எங்கள் வீட்டில் தோற்றவர் டம்ளர் கழுவ வேண்டும், அவ்வளவுதான் பந்தயம்.

பெரியவர்களே கள்ளாட்டம் ஆடினால்?

என் அப்பாவைப் பற்றித்தான் கேட்கிறீர்கள் என்று தெரிகிறது. ஐந்து கட்டம் போக வேண்டிய காய் அவர் கையில் ஆறு போகும். கண்ணாடி போடவில்லை என்பார். இப்போது காயைப் பேரன்தான் நகர்த்துகிறான், அவர் எண்ணை மட்டும் சொல்ல வேண்டும். போன ஞாயிறு பேரனும் ஆறு கட்டம் நகர்த்தினான். பதினைந்தாவது விதியை மகள் எழுதிக்கொண்டிருக்கிறாள்.